ஜங்கிள் ஜிம்மும் நாலாவது பரிமாணமும்

மொதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ, முறுக்கு, மிக்சர் எதாச்சும் பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க. பாதியில எழுந்து போறவங்க மட்டும் கடைசி பி.கு.வை எட்டிப் பாத்துட்டுப் போங்க, பொட்டி தட்டுற மக்களுக்கு அதுல ஒரு விஷயம் இருக்கு :-)

பார்க்குகள்ல ஒரு இரும்புக் கம்பிக் கூண்டு பாத்திருப்பீங்க. சதுரம் சதுரமா, கட்டம் கட்டமா, ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கின மாதிரி. பசங்க அதுக்குள்ள பூந்து, மேல ஏறி, உச்சியில உக்காந்து கீழ இருக்குறவனுக்குப் பழிப்பு காட்டுவாங்க. அமெரிக்காவுல அதுக்குப் பேரு ஜங்கிள் ஜிம். அந்தக் கூண்டு கணிதத்துல இருந்து வந்ததுன்னு சொன்னா நம்புவீங்களா? அதுவும் சாதாரண கூட்டல் கழித்தல் இல்ல, நாலாவது பரிமாணம்!

சார்லஸ் ஹோவர்ட் ஹிண்டன்னு ஒரு ஆங்கிலேயர். 1853ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். நீளம், அகலம், உயரம் மூணு தவிர நாலாவதா ஒரு திசை இருந்தா அது எப்படி இருக்கும்ங்கறதுதான் மனுஷனுக்கு வாழ்நாள் முழுக்க யோசனை. சதுரத்துக்கு அடுத்தது கனசதுரம், கனசதுரத்துக்கு அடுத்தது என்ன? அதுக்கு 'டெசராக்ட்'னு பேர் வெச்சவர் இவர்தான், 1888ல் வந்த புத்தகத்தில். வெறும் சூத்திரமா எழுதினா போதாது, மனசுக்குள்ள அதைப் பாக்கணும்னு சொல்லி, கலர் கலரா மரக்கட்டைகளைச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணுற பயிற்சி முறையையும் உருவாக்கினார்.

அவருடைய மனைவி மேரி எல்லன். யாரு மகள் தெரியுமா? ஜார்ஜ் பூல். நாம தினமும் கோடுக்குள்ள உண்மை, பொய்னு எழுதறோமே, அந்த 'பூலியன்' பூல். மேரி எல்லனோட அம்மா மேரி எவரெஸ்ட், சிகரத்துக்குப் பேர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் மகளோ தம்பி மகளோ ஆகணும் (இங்கிலீஷ்ல 'நீஸ்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க, நம்ம ஊரு மாதிரி வருமா!). அந்த எவரெஸ்ட் 1818ல் உதவியாளரா போய்ச் சேர்ந்தது லாம்டன் நடத்திய நில அளவைப் பணியில். அந்த அளவைக்கு முதல் அடிக்கோடு போட்டது 1802ல் நம்ம சென்னை பரங்கிமலை பக்கத்துல. சரி, எங்கேயோ போறேன், திரும்பி வரேன்.

ஹிண்டன் கதை நேர்கோட்டுல போகல. முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணைப் பெயர் மாற்றிக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, 1886ல் தானே போய் ஒப்புக்கொண்டு, மூணு நாள் ஜெயிலில் இருந்தார். வாத்தியார் வேலை காலி. அடுத்த வருஷம் குடும்பத்தோட ஜப்பானுக்குக் கிளம்பிட்டார். யோகோஹாமாவில் பள்ளிக்கூட வேலை.

நம்ம கூண்டு பிறந்தது அங்கதான். ஹிண்டனுக்கு ஒரு கோட்பாடு இருந்தது. நாம மூணு பரிமாணத்துல வாழறோம்னு சொல்லிக்கிறோம், ஆனா நிஜத்துல தரையில எறும்பு மாதிரி இடம் வலம், முன்னே பின்னேன்னுதான் நகர்றோம். மேலே கீழேங்கிற திசை நம்ம உடம்புக்குப் பழக்கமே இல்லை. மூணாவது திசையே உடம்புல ஊறாதவனுக்கு நாலாவது எப்படிப் பிடிபடும்? அதனால சின்ன வயசுலயே பசங்களை மூணு திசையிலயும் சரிசமமா நடமாட விடணும்.

அதுக்கு மூங்கிலை வெட்டி, கட்டம் கட்டமா ஒரு சட்டகம் கட்டினார். குறுக்கே ஒரு அச்சு, நெடுக்கே ஒரு அச்சு, உயரத்துக்கு ஒரு அச்சு. எக்ஸ், ஒய், இசட். அப்பா கீழ நின்னுக்கிட்டு மூணு நம்பரைக் கூப்பிடுவார். அந்த நம்பர்கள் எந்த முடிச்சுல சந்திக்குதோ அதை முதல்ல போய்ப் பிடிக்கறவன் ஜெயிச்சான். நாம பதினொண்ணாம் கிளாஸ்ல வரைபடத் தாளில் திட்டு வாங்கிக்கொண்டு கத்துக்கிட்ட முப்பரிமாண ஆயத்தொலைவை, அந்த வீட்டுப் பசங்க முழங்கால் சிராய்ப்போட கத்துக்கிட்டாங்க.

அந்தப் பசங்கள்ல ஒருத்தர் செபாஸ்டியன் ஹிண்டன். 1887ல் பிறந்தவர். 1893ல் குடும்பம் அமெரிக்கா போயிடுச்சு. அதாவது மூங்கில்ல ஏறினதெல்லாம் ஆறு வயசுக்குள்ளேயே. இந்த வயசை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

அப்பா ஹிண்டன் பிரின்ஸ்டனில் கணிதம் சொல்லிக்கொடுத்தார், 1897ல் வெடிமருந்து வெச்சு பேஸ்பால் எறியுற துப்பாக்கி ஒண்ணைக் கண்டுபிடிச்சார் (அதுக்கு எதிர்ல நின்னு மட்டை பிடிச்ச மாணவர்களுக்குக் கோயில் கட்டணும்), கடைசியில் வாஷிங்டன் பேட்டண்ட் அலுவலகத்தில் வேலை பார்த்து 1907ல் இறந்து போனார். மகன் சிகாகோவில் பேட்டண்ட் வக்கீல் ஆனார்.

1920ல் சிகாகோவுக்கு வடக்கே வின்னெட்கா என்கிற ஊரில் ஒரு ராத்திரி விருந்து. செபாஸ்டியன் தன்னோட மூங்கில் கதையைச் சொல்றார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் கார்ல்டன் வாஷ்பர்ன், அந்த ஊர்ப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளர். புதுசா எதையாவது செய்து பார்க்கத் துடிக்கிற கல்வியாளர். இதை நம்ம பள்ளிக்குச் செய்து கொடுங்கன்னு பிடிச்சுக்கிட்டார். மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய். மாதிரி ஒண்ணு செய்து பாத்து, பள்ளிக்கூடத்துல நிறுத்தினாங்க. அந்த வருஷமே பேட்டண்டுக்கும் விண்ணப்பம் போனது. 1923ல் கிடைத்தது, எண் 14,71,465. 'ஏறுவதற்கான கட்டமைப்பு'ன்னுதான் தலைப்பு.

அப்பா நாலாவது பரிமாணத்துக்காகக் கட்டினார். மகன் பேட்டண்டில் முன்வைத்தது குரங்கை. மனுஷனோட பரிணாம முன்னோர்களுக்கு ஏறுறதுதான் இயல்பான நடமாட்டம், பசங்களுக்குள்ள அது இன்னும் இருக்குன்னு வாதம். எனக்கு என்னவோ மகன் சொன்னதுதான் சரின்னு படுது. அந்த மூங்கில்ல ஏறின ஹிண்டன் பசங்க யாரும் நாலாவது பரிமாணத்தைப் பாத்ததா தகவல் இல்லை. ஏறினாங்க, நல்லா ஏறினாங்க.

செபாஸ்டியன் கதை சோகம். மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்தவர் 1923லேயே தற்கொலை செய்துகொண்டார். வயசு முப்பத்தஞ்சு முப்பத்தாறு. மனைவி கார்மெலிட்டா, முன்னாடி சிகாகோ ஹல் ஹவுஸில் ஜேன் ஆடம்ஸிடம் வேலை பார்த்தவர், மூணு சின்னப் பசங்களோட தனியா நின்னார். நின்னதோட இல்லாம 1935ல் வெர்மான்ட்டில் புட்னி பள்ளின்னு ஒண்ணை ஆரம்பிச்சார், அது இன்னிக்கும் நடக்குது. இந்த மூணு பசங்கள்ல ஒருத்தி ஜோன் ஹிண்டன். அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் இயற்பியலாளரா இருந்துட்டு, ஹிரோஷிமாவுக்கு அப்புறம் மனசு வெறுத்து, 1948ல் சீனா போய், கடைசி வரைக்கும் (2010) மாட்டுப் பண்ணை நடத்தினவர். இதை எவனாவது சினிமாவா எடுத்தா லாஜிக் இல்லைன்னு விமர்சனம் எழுதுவோம்.

சரி, இதெல்லாம் நான் ஏன் தேடினேன்? எங்க டேகேர் அக்காவால.

அக்கா திருநெல்வேலிப் பக்கம். சிகாகோ புறநகர்ல வீட்டிலேயே லைசென்ஸ் வாங்கி டேகேர் நடத்தறாங்க. ஆறு பிள்ளைங்க, ஒண்ணரை வயசுல இருந்து நாலரை வரைக்கும். அதுல ஒண்ணு எங்க வீட்டு மூணு வயசு வாண்டு. பின்பக்கத் தோட்டத்தில் ஏறி விளையாட ஏதாவது வைக்கணும்னு அவங்களுக்கு ஆசை. ஒரு சாயங்காலம் கூட்டிட்டு வரப் போனப்ப பிடிச்சுக்கிட்டாங்க.

"தம்பி, நீங்க எஞ்சினியர்தானே. ரெண்டு வீடு தள்ளி ஒருத்தர் பழைய மரத்துல செஞ்ச ஏறுற செட்டு ஒண்ணு சும்மாவே தாரேங்காரு. அவரு பிள்ளையெல்லாம் காலேஜ் முடிச்சிட்டாம். எடுக்கலாமா வேண்டாமா?"

"அக்கா, நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். மரத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"அதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாத்திருவீங்கல்லா. பாத்துச் சொல்லுங்க. ஒரு பிள்ள விழுந்துச்சுன்னா லைசென்சும் போச்சு, என் நிம்மதியும் போச்சு. அதுக்காக பிள்ளைகள பொம்ம மாதிரி உக்கார வச்சிருக்கவும் மனசு வரல."

அந்தக் கடைசி ரெண்டு வாக்கியம் இருக்கே, நூறு வருஷ வரலாறும் அதுக்குள்ள இருக்குங்க.

ஏறு விளையாட்டுச் சாமான்கள் ஜங்கிள் ஜிம்முக்கு முன்னாடியே உண்டு. 1811ல் பெர்லின் பக்கத்து ஹாசன்ஹைடேவில் யான் என்கிறவர் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் வைத்தார், கம்பமும் கயிறும் ஏணியுமா. 1885ல் பாஸ்டனில் சின்னப் பசங்களுக்கு மணல் குவியல் போட்டுக் கொடுத்தாங்க, அதுவும் பெர்லினைப் பாத்துத்தான். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல இரும்புக் குழாய் மலிவானதும் அமெரிக்க நகரங்கள் எல்லாம் உயர உயரமா ஏணி, சறுக்குன்னு நிறுத்தினாங்க. கீழே பல இடத்துல கெட்டித் தரை, அப்புறம் தார், கான்கிரீட். அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாத்தா நமக்கே வயித்தக் கலக்கும். இதோட ஒப்பிட்டா செபாஸ்டியனோட கூண்டு பாதுகாப்பான சாமான்! அவர் யோசனை இதுதான்: உள்ளே எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஒரு கம்பி இருக்கு. வழுக்கினா உடனே இன்னொண்ணைப் பிடிச்சுக்கலாம். தரை வரைக்கும் விழ வாய்ப்பே குறைவு.

இப்ப அறுபது வருஷம் தாண்டி வாங்க. 1978ல் சிகாகோ பூங்கா ஒண்ணுல, ரெண்டு வயசுகூட நிறையாத மாதிரி ஒரு சின்னப் பையன், 12 அடி உயர சுருள் சறுக்கு மேல இருந்து இடைவெளி வழியா நழுவி, தலைகுப்புற தார்த்தரையில விழுந்தான். மூளையில் நிரந்தர பாதிப்பு. வழக்கு நடந்து, 1985ல் பூங்கா நிர்வாகமும் தயாரிப்பு நிறுவனங்களும் குறைஞ்சது 95 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு முடிந்தது. இடையில 1981ல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கான கையேட்டை முதன்முதலா வெளியிட்டது. சட்டம் இல்லை, வழிகாட்டிதான். ஆனா வக்கீல் கையில் கிடைச்சா வழிகாட்டியும் சட்டம் மாதிரிதானே? ஊர் ஊரா பழைய சாமான்களைப் பிடுங்க ஆரம்பிச்சாங்க. 1993ல் ஏஎஸ்டிஎம் தரநிலையும் வந்துது.

அந்தக் கையேட்டின் பிந்தைய பதிப்பில் (2010) ஏறுகருவிகள் பகுதியில் ஒரு விதி இருக்கு. சட்டகத்துக்கு உள்ளே, 18 அங்குலத்துக்கு மேல உயரத்துல இருந்து பிள்ளை விழுந்தா மோதுற மாதிரி கம்பியோ கெட்டியான பாகமோ இருக்கக் கூடாது.

கவனிச்சீங்களா? செபாஸ்டியன் 'உள்ளே கம்பி இருக்கறதாலதான் பாதுகாப்பு'ன்னார். ஆணையம் 'உள்ளே கம்பி இருக்கறதாலதான் ஆபத்து'ங்குது. அவர் பார்வையில் அது பிடிச்சுக்கிற கம்பி, இவங்க பார்வையில் மண்டை இடிக்கிற கம்பி. ரெண்டுமே சரின்னுதான் எனக்குத் தோணுது. ஆனா கைப்பிடி பலம் வந்த எட்டு வயசுப் பையனுக்கு அது பிடிச்சுக்கிற கம்பி. ஒண்ணரை வயசுக்காரனுக்கு இடிக்கிற கம்பி. ஜப்பானில் அந்தப் பசங்க ஆறு வயசுக்குள்ள ஏறினாங்கன்னு சொன்னேனே, கீழே அப்பா நின்னுக்கிட்டிருந்தார், ஒவ்வொரு முடிச்சையும் எண்ணிக்கிட்டு. அக்கா ஒருத்தி, பிள்ளைங்க ஆறு.

அதனால கூண்டு வேண்டாம்னு முதல் முடிவு. பின்னாடி வந்த அரைக்கோளக் கம்பிக் கூடு இருக்கே, பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954ல் பேட்டண்ட் வாங்கின குவிமாடக் கணக்கு அது, முக்கோணம் முக்கோணமா. அழகா இருக்கும், உள்ளேயும் காலி. ஆனா உயரம் போயிடும், பெரிய பசங்களுக்குத்தான் லாயக்கு. ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் 1947ல் இருந்து எழுநூறுக்கு மேல திடல்கள் அமைச்சார். மெல்லிய குழாயில வளைவுகள், இது யானை இது ராக்கெட்னு எதுவும் சொல்லாத உருவங்கள். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதான். ஆனா தனியா நிக்கற வளைவு ஏணி அஞ்சு வயசுக்குக் கீழே வேண்டாம்னு கையேடு சொல்லிடுச்சு. ஒண்ணரை வயசு லெவலுக்கு அவங்க கொடுக்கிற உச்ச உயரம் 32 அங்குலம். மூணு அடிகூட இல்லை! நம்ம இடுப்பளவு.

அடுத்தது, இலவச மர செட்டு. 'பிள்ளைங்க காலேஜ் முடிச்சாச்சு'ன்னு அக்கா சொன்னதுலயே விடை இருந்தது. அமெரிக்காவில் வெளியில வைக்கிற மரத்துக்குக் கரையான், பூஞ்சை வராம இருக்க குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலந்த கரைசலை அழுத்தி ஏத்துவாங்க. ஆமாங்க, ஆர்செனிக். மரத்துல இருந்து மேல்பரப்புக்குக் கசிஞ்சு வரும், பிள்ளை கையில ஒட்டும், கை வாய்க்குப் போகும். வீட்டு உபயோகத்துக்கு அந்த மரம் தயாரிக்கிறதை 2003 டிசம்பர் 31ஓட நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடி செய்ததா பின்னாடி செய்ததான்னு கொடுக்கிறவருக்கே நினைவில்லை. பெரிய பசங்க வீட்டுல, வருஷா வருஷம் பூச்சு அடிச்சுக்கிட்டு சமாளிக்கலாம். விரல் சூப்புற வயசு ஆறு பேர் இருக்கிற இடத்துல? இலவசமா வர்ற தலைவலி வேண்டாம்னு சொல்லிட்டேன். அக்கா முகம் கொஞ்சம் வாடிப் போச்சு, புதுசோட விலை தெரியும்ல.

இடைவெளிக் கணக்கும் இந்த வரலாற்றுல கசப்பான பகுதிதான். மூணரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் நடுவுல எந்த ஓட்டையும் இருக்கக் கூடாதுன்னு விதி. ஏன்னு யோசிச்சேன். சின்னப் பிள்ளைக்கு உடம்பை விட தலை பெருசு. காலை முதல்ல விட்டா உடம்பு முழுக்க வழுக்கிப் போயிடும், தலை மட்டும் மாட்டும், கால் தரையில எட்டாது. மூணரைக்குக் கம்மியா இருந்தா உடம்பே போகாது. ஒன்பதுக்கு மேல இருந்தா தலையும் போயிடும். இதே காரணத்துக்காகத்தான் ஏறும்போது சைக்கிள் ஹெல்மெட்டைக் கழட்டணும் (ஹெல்மெட் போட்டா தலை இன்னும் பெருசாயிடுது, மாட்டி இறந்திருக்காங்க), ஏறுகருவியில கயிறு கட்டக் கூடாது, தொப்பிச் சட்டையில நாடா இருக்கக் கூடாது. 1996ல் ஆணையம் பிள்ளைங்க மேலாடையில் நாடா வேண்டாம்னு தனி வழிகாட்டியே போட்டது. நம்மாளுங்க பிள்ளைங்க கழுத்துல தாயத்துக் கயிறு, கறுப்புக் கயிறு போட்டிருப்போமே, அதுவும் இந்தக் கணக்குதான். எங்க வாண்டுக்கு ஊர்ல பாட்டி கட்டினது இருந்தது. தங்கமணியும் நானும் ரெண்டு நாள் பேசி, கழுத்துல இருந்து எடுத்து சாமி படத்துக்கிட்ட வெச்சுட்டோம். பாட்டிக்கு இன்னும் தெரியாது, யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க.

இப்ப தரை. சாமான் எதுன்னு எல்லாரும் யோசிக்கிறாங்க, கீழே என்னன்னு யோசிக்கிறதில்லை. புல்தரை மெத்துன்னு இருக்கேன்னு நெனைப்போம், கையேடு புல்லையும் மண்ணையும் பாதுகாப்பான தரையாவே எடுத்துக்கறதில்லை. மிதிபட்டு மிதிபட்டு கெட்டியாயிடும். தரையை எப்படிச் சோதிக்கிறாங்கன்னு படிச்சப்ப எனக்குள்ள இருந்த எஞ்சினியர் எழுந்து உக்காந்துட்டான். உள்ளே உணரி வெச்ச ஒரு செயற்கைத் தலையைக் குறிப்பிட்ட உயரத்துல இருந்து போடறாங்க. மோதும்போது வேகம் குறையுற விகிதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 200 மடங்கைத் தாண்டக் கூடாது. அது எவ்வளவு நேரம் நீடிச்சுதுங்கறதையும் சேர்த்துக் கணக்கிடுற 'தலைக்காய அளவுகோல்' 1000ஐத் தாண்டக் கூடாது. எந்த உயரம் வரைக்கும் தாண்டாம இருக்கோ அதுதான் அந்தத் தரையோட மதிப்பு. ஒன்பது அங்குல மரச்சில்லு 10 அடி உயரம் வரைக்கும் தாங்கும். அதே ஒன்பது அங்குலம் மணல் 4 அடிக்குத்தான்.

இதைப் பாத்ததும் யாரா இருந்தாலும் மரச்சில்லுதான் வாங்குவாங்க, இல்லீங்களா? பொறுங்க. அளந்தது தலையை. பிள்ளைங்க விழும்போது என்ன பண்றாங்க? கையை ஊன்றாங்க!

கனடாவில் டொராண்டோ பள்ளிகள்ல இதை ஒழுங்கா ஒரு பரிசோதனையாவே செய்தாங்க. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி சில பள்ளிகளுக்கு மணல், சில பள்ளிகளுக்கு மரநார்த் தரை. 2009ல் முடிவு வெளியாச்சு. மரநார்த் தரையில் விழுந்து கை எலும்பு முறியற வாய்ப்பு, மணலை விட கிட்டத்தட்ட 5 மடங்கு. மணல்ல கை ஊன்றினா அது வழுக்கிக்கிட்டு விலகிப் போயிடும், விசை கைக்கு முழுசா ஏறாது. மரநாரு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு பிடிச்சு நிறுத்திடும். அதுதான் இதுக்குப் பொருந்தி வர்ற விளக்கம்.

அப்ப நம்ம கணக்கு: சாமானோட உயரம் 32 அங்குலம்தான். மணலோட 4 அடி மதிப்புக்குள்ளேயே அடங்கிடுது. தலைக்கு மணல் போதும், கைக்கு மணல்தான் நல்லது. டொராண்டோ பசங்க பள்ளி வயசுப் பசங்க, அக்காவோடது வாண்டுங்க, அது ஒரு வித்தியாசம்தான். இருந்தாலும் எனக்கு இந்த முடிவுல சந்தேகம் இல்லை.

அடுத்த அதிர்ச்சி அளவுல. சாமானைச் சுத்தி எல்லாப் பக்கமும் 6 அடிக்குத் தரை போடணும். சாமான் 4 அடிக்கு 4 அடின்னா தரை 16க்கு 16. மணல் அமுங்கும், அதனால ஒன்பது அங்குலம் நிக்கணும்னா முதல்ல 12 அங்குலம் கொட்டணும். 256 கன அடி. கன அடிக்கு 100 பவுண்டுன்னு வெச்சா பதினோரு டன்னுக்கு மேல! அக்காகிட்ட சொன்னேன்.

"ஏ யாத்தா, தாமிரபரணியவே கொண்டாரணும் போல இருக்கே"ன்னாங்க.

"அதான்க்கா, முதல்ல மணலுக்குப் பணத்தை ஒதுக்குங்க. மிச்சம் இருக்குறதுல சின்னதா ஒரு சாமான் பாப்போம்."

பொதுவா எல்லாரும் தலைகீழாத்தான் செய்வாங்க. கோட்டை, கோபுரம், சறுக்குன்னு பெருசா வாங்கிப் போட்டுட்டு, காசு தீர்ந்ததும் புல்லு மேலேயே நிறுத்திடுவாங்க.

என்ன சாமான்ங்கறதுக்கு விடை கிடைச்சது புடாபெஸ்ட்ல. எம்மி பிக்லர்னு ஒரு குழந்தை மருத்துவர், 1902ல் வியன்னாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு 1946ல், ஆதரவில்லாத கைக்குழந்தைகளுக்காக புடாபெஸ்ட்டின் லோட்ஸி தெருவில் ஒரு இல்லம் தொடங்கினார். அவருடைய கொள்கை ஒண்ணே ஒண்ணு: குழந்தை தானா போய்ச் சேராத நிலையில் அதைக் கொண்டுபோய் வைக்காதே. தானா உக்காராத குழந்தையை உக்கார வைக்காதே, தானா ஏறாத குழந்தையை ஏத்தி விடாதே. அது தானா ஏறினா, தானா இறங்கவும் வழி கண்டுபிடிக்கும். அந்த இல்லத்துப் பழக்கத்துல இருந்து வந்ததுதான் பிக்லர் முக்கோணம். ரெண்டு சின்ன ஏணியைக் கூம்பா சாய்ச்சு வெச்ச மாதிரி, உருண்டைக் கட்டைப் படிகளோட, தாழ்வா இருக்கும்.

ஹிண்டன் கீழ நின்னு நம்பர் கூப்பிட்டார். பிக்லர் வாயே திறக்கக் கூடாதுன்னார். நான் ரெண்டாவது கட்சி.

நம்ம வீடுகள்ல என்ன பண்ணுவோம்? 'அச்சோ விழுந்துடுவே'ன்னு கத்துவோம், இல்லேன்னா 'மேல ஏறு, அப்பா புடிச்சுக்கறேன்'னு தூக்கி உச்சியில வெப்போம். கையை விட்டதும் அந்தப் பிள்ளைக்கு இறங்கத் தெரியாது, அது ஏறவே இல்லையே! இதை அக்காகிட்ட சொன்னதும் டக்குனு புரிஞ்சுக்கிட்டாங்க. "எங்க ஊர்ல வேப்பமரத்துல அப்படித்தான் தம்பி. கீழ்க் கொப்பு எட்டுத பிள்ளதான் ஏறணும். எட்டாத பிள்ளைய யாரும் தூக்கி விடக் கூடாதும்பாங்க எங்க ஆச்சி." ஆச்சிக்கு பேட்டண்ட் யாரும் கொடுக்கல.

இந்தக் கீழ்க்கொப்புக் கணக்கு சாமான் தேர்வுலயும் வந்துது. பார்த்ததுல ஒண்ணுக்கு முதல் படி ரொம்பத் தாழ்வு, ஒண்ணரை வயசும் ஏறிடும். இன்னொண்ணுக்கு முதல் பிடி ரெண்டடிக்கு மேல, மூணு வயசுக்காரங்களுக்குத்தான் எட்டும். ரெண்டுக்கும் உச்ச உயரம் ஒண்ணுதான். அக்கா ரெண்டாவதை எடுத்தாங்க. எட்டாத வரைக்கும் சின்னதுங்க மணல்ல விளையாடட்டும், எட்டும்போது ஏறட்டும்னு. தரையில பதிச்சு நிக்கிற, அலுமினியத்துல பொடிப்பூச்சு அடிச்ச சாமான். வெயில்ல சுடும்ங்கறதால மரநிழல் விழுற மூலையில இடம் பாத்தோம்.

குளிர்காலம் மட்டும் தீராத பிரச்சனை. சிகாகோ ஜனவரியில மணலும் உறைஞ்சு பாறை ஆயிடும், மரச்சில்லும் அப்படித்தான், உறைஞ்ச தரைக்கு எந்த மதிப்பும் கிடையாது. அதனால டிசம்பர்ல இருந்து வெளிச் சாமானுக்குப் பூட்டு, வீட்டுக்குள்ள பாய் விரிச்சு ஒரு பிக்லர் முக்கோணம். மத்த நாள்ல ராத்திரி மணலுக்கு மேல தார்ப்பாய் போட்டாகணும், இல்லேன்னா ஊர்ல உள்ள பூனைங்க எல்லாம் அதைக் கக்கூஸ் ஆக்கிடும்.

பி.கு: பொட்டி தட்டுற மக்களுக்கு. மூங்கில் கூண்டு கட்டின சார்லஸ் ஹிண்டனுக்கு செபாஸ்டியன் தவிர ஜார்ஜ்னு இன்னொரு மகன். அந்த ஜார்ஜோட பேரன்தான் ஜெஃப்ரி எவரெஸ்ட் ஹிண்டன். ஆமா, நியூரல் நெட்வொர்க் ஹிண்டனேதான், 2024ல் இயற்பியல் நோபல் வாங்கினாரே, அவர்தான். கொள்ளுத்தாத்தா நாலாவது பரிமாணத்தை மனசுல பாக்கப் போராடினார். கொள்ளுப்பேரன் ஆயிரக்கணக்கான பரிமாணத்துல கணக்குப் போடுறதையே பொழப்பா வெச்சுக்கிட்டார்.